எண்ணெய் குடித்த தரை

என் மனைவி ஒழுங்காகத் தண்ணீர் குடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாத்திரை போட அரை டம்ளர், சாப்பிட்டு முடித்ததும் நாக்கு நனைய ஒரு மடக்கு, அவ்வளவுதான். உதடு வெடித்துக் கிடக்கும். கேட்டால், “மழ நாள்ல யாருக்குத் தாகம் எடுக்கும்” என்பாள். நாற்பது வருடம் கூடவே இருக்கிறவனிடம் இப்படிக் கூசாமல் பொய் சொல்ல அவளால்தான் முடியும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்துத் திரும்பி வந்தோம். மகள் சென்னையிலிருந்து வந்து ஒரு மாதம் இருந்து பார்த்துக்கொண்டாள். அவள் வேலைக்குத் திரும்பிப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, அதற்குக் கீழே ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவிக் கொண்டுவருவது என் சோலி. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. மலையில் மாட்டுச் சாணத்தையும் அட்டைக் கடியையும் பார்த்தவன் நான். அவளுக்குத்தான் தாங்கவில்லை. நான் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் கிண்ணம் எடுக்கும் தடவையைக் குறைக்க அவள் கண்டுபிடித்த வழி, தண்ணீரைக் குறைப்பது.

மூன்றாம் மாதம் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு இனி குளியலறைக்குத் தானே நடந்து போகலாம், போகத்தான் வேண்டும் என்றார். தண்ணீர் குடிப்பதைப் பற்றிக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் உண்மையைச் சொன்னேன். “இப்படியே போனா மூத்திரக் கடுப்புல ஆரம்பிச்சுக் கிட்னில போய் நிக்கும்மா” என்று டாக்டர் நேராகவே சொன்னார். வீடு வரும் வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை.

அன்று சாயங்காலமே வாக்கரைத் தட்டித் தட்டிக் குளியலறை வாசல் வரை போனாள். உள்ளே தரையைப் பார்த்தாள். வாக்கரின் கால்கள் தடதடவென்று ஆடுவதை நான் பின்னால் நின்று பார்த்தேன்.

“நாளைக்குப் போறேன்” என்று திரும்பிவிட்டாள்.

அந்த நாளை பத்து நாளாகியும் வரவில்லை. நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றேன், திட்டினேன், கெஞ்சினேன். “அந்தத் தரை ஒருக்கா என்னயத் தள்ளிவிட்டது போதும்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்வாள்.

மகளிடம் போனில் சொன்னேன். நாலு நாளில் கூரியர்க்காரன் ஒரு கனமான அட்டைப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். உள்ளே ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாகப் பிளாஸ்டிக் டைல்ஸ். மேலே மரப்பலகை மாதிரி கோடும் சொரசொரப்பும். பின்னால் காகிதம். காகிதத்தை உரித்தால் பசை.

“ஸ்டிக்கர் டைல்ஸ்ப்பா. வழுக்கவே வழுக்காது. வாசல்ல இருந்து கம்மோடு வரைக்கும் ஒட்டிருங்க. குளிக்கிற பக்கம் வேணாம், அங்க சின்னதா ஒரு வரப்பு கட்டிட்டா தண்ணி இங்கிட்டு வராது” என்றாள் மகள்.

“தரையில ஸ்டிக்கரா ஆத்தா? சின்னப் புள்ளைக நோட்டுல ஒட்டுற மாதிரி?”

“அப்பா, அதுலயே எப்பிடி ஒட்டணும்னு படம் போட்டுருக்கு. தரைய மட்டும் நல்லா ரெடி பண்ணுங்க.”

படம் போட்ட தாளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தரை மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். சுத்தமாக இருக்க வேண்டும். காய்ந்திருக்க வேண்டும். மூன்றாவதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கா காயவைக்கச் சொல்லித் தர வேண்டும்? மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மலைமேல் ஒரு ஏலத்தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் ஸ்டோர் பார்த்தவன் நான். ஸ்டோர் என்றால் பறித்து வந்த பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். காயை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால், உள்ளே விதை உருளும் சத்தத்தை வைத்தே இன்னும் எவ்வளவு நேரம் சூடு வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஈரம் என்பது என்னிடம் ஒளிந்துகொள்ள முடியாத ஒன்று என்று அந்த வயதிலும் எனக்கொரு திமிர் இருந்தது.

முதலில் மேடு பள்ளத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் குளியலறை வெறும் குளிக்கும் அறையாகத்தான் கட்டியது. கக்கூஸ் கொல்லைப் பக்கம் தனியாக இருந்தது. வயதாகிவிட்டதே என்று ஆறேழு வருடம் முன்பு உள்ளேயே கம்மோடு வைத்தோம். அதற்காகச் சிமெண்டுத் தரையைக் கொத்திப் பூசியதில் ஒரு ஓரம் மேடாக நின்றது. மற்ற இடத்தில் பழைய பூச்சு, போர்த் தண்ணீர் உப்புப் படிந்து வெள்ளையாகச் சொறிபிடித்த மாதிரி இருந்தது.

பக்கத்து ஊரான சிலமலையிலிருந்து எனக்கு மாப்பிள்ளை முறையாகும் ஒரு கொத்தனார் வந்தார். என் வயதில் பாதி தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். கரண்டிக் காம்பால் தரையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். சத்தம் மாறும் இடத்தில் எல்லாம் நின்று மறுபடி தட்டினார்.

“ரெண்டு எடத்துல உள்ள பொக்கா இருக்கு மாமா. பேத்துட்டுப் பூசுறேன். மேட்டச் செதுக்கிரலாம். உப்பு மட்டும் நீங்க சொரண்டிருங்க” என்றார்.

“ஸ்டிக்கர் நிக்குமா மாப்ளே?”

“தரை நல்லா இருந்தா நிக்கும். தரையில ஏதாச்சும் இருந்தா நிக்காது.”

இதை ஒரு பதிலாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் செதுக்கிப் பூசிவிட்டுப் போனார். அது இறுகியதும் நான் மூன்று நாள் குத்தவைத்து உட்கார்ந்து பட்டைக் கரண்டியால் உப்பைச் சுரண்டினேன். முட்டி கழன்றுவிடும் போல இருந்தது. உப்புக்காகக் கொஞ்சம் ஆசிட் ஊற்றித் தேய்த்து, பத்துக் குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவும்போது வாசலுக்கும் கம்மோடுக்கும் நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் பரவாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, பூச்சு அங்கே வழுவழுப்பாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அடுத்த குடத்தைத் தூக்கினேன்.

பிறகு காய வேண்டும். ஐப்பசி அடைமழை. மலை கண்ணுக்கே தெரியவில்லை. துவைத்துப் போட்ட துண்டு இரண்டு நாள் கழித்தும் ஈரவாடை அடித்தது. தரை எங்கே காய்வது? அவளானால் கட்டிலில் படுத்தபடி, “என்ன, மொதலாளி ஸ்டோரு பத்த வச்சாச்சா?” என்று கிண்டல் செய்கிறாள். அரை டம்ளர் இப்போது கால் டம்ளர் ஆகியிருந்தது. எனக்கு ஒவ்வொரு நாளும் டாக்டர் சொன்னதுதான் காதில் கேட்டது.

மேலே தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் ஒருவர் எனக்குப் பழக்கம். பழைய தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் அறையில் குளிருக்கு வைத்திருக்கும் கரண்ட் ஹீட்டரைக் கேட்டு அனுப்பச் சொன்னேன். மறுநாளே ஆட்களோடு ஆளாக அதையும் இறக்கிக் கொடுத்தார். அதை வாசலில் முக்காலி போட்டு ஏற்றி, உள்ளே வெக்கை வீசும்படி திருப்பி வைத்தேன். ஸ்டோரில் செய்கிற கிரமம் மாறாமல் செய்தேன். முதலில் ஜன்னலைத் திறந்துவைத்து ஆவியை வெளியே விட்டேன். ஆவி அடங்கியதும் ஜன்னலைச் சாத்திச் சூட்டை ஏற்றினேன். இரண்டு பகல் இப்படி. தரை சாம்பல் நிறத்துக்கு வெளுத்துவிட்டது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

டைல்ஸ் ஒட்டினேன். காகிதத்தை உரித்து, ஓரம் பார்த்து, கையால் அமுக்கி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கட்டிலுக்குப் போய், நாளைக் காலையில் நீ ராணி மாதிரி நடந்து போகலாம் என்று சொன்னேன். மறுநாள் காலை நான் கேட்காமலே அவள் வாக்கரை எடுத்தாள்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். நடுவில் இருந்த நாலு டைல்ஸும் ஓரத்தில் சுருண்டு நாய்க்காது மாதிரி எழும்பி நின்றன. காலை வைத்து அமுக்கினேன். ஒன்று காலோடு நழுவி ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் நானும் விழுந்திருப்பேன். அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

திரும்பிக் கட்டிலுக்குப் போனாள். அன்று மாத்திரையைத் தண்ணீரே இல்லாமல் விழுங்கினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. டைல்ஸ் செய்தவனைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், போனில் மகளிடம் கத்தினேன். கொத்தனாரைக் கூப்பிட்டு, நீ பூசியது சரியில்லை என்று சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எந்த எடத்துல தூக்குது மாமா? நான் பூசுன எடமா?”

“இல்ல. நடுவுல. பழைய தரை.”

“எப்பிடிக் காய வச்சீங்க?”

சொன்னேன்.

“அது குளிச்ச எடம்ல மாமா. இத்தன வருசமா எண்ணெ எறங்கிருக்கும். ஹீட்டர வச்சா உள்ள கெடந்த எண்ணெ மேல ஏறி வந்துருமே. ஏலக்காய்க்காரரு உங்களுக்கு நாஞ் சொல்லணுமா?”

முப்பத்தைந்து வருடம் ஸ்டோரில் ஆட்களிடம் நான் கத்தியது அந்த ஒன்றைத்தான். சூட்டை ஏற்றாதே, வெக்கை கூடினால் காய்க்குள் இருக்கும் எண்ணெய் வெளியே போய்விடும், அப்புறம் சக்கையைத்தான் மூட்டை கட்டுவோம் என்று. ஊருக்கெல்லாம் சொன்னதை என் வீட்டுத் தரையில் மறந்துவிட்டேன். உரித்த டைல்ஸின் பின்பக்கத்தை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பசையில் நல்லெண்ணெய் வாடை.

அந்த இடம் எனக்குத் தெரியாத இடமா? கம்மோடு வருவதற்கு முன்னால் அங்கேதான் குளிக்கிற பலகை கிடந்தது. செவ்வாய், வெள்ளி அவள். புதன், சனி நான். கால் நூற்றாண்டு எண்ணெய்க் குளியல் அந்த ஒரு இடத்தில்தான். கம்மோடு வைத்த பிறகு பலகையைத் தள்ளிப் போட்டோம் என்று பேர். ஆனால் எண்ணெய் தேய்த்து ஊறவைத்து உட்கார எனக்கு அந்த இடம்தான் பழக்கம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர், மிச்சச் சீயக்காயைத் தரையில் போட்டுத் தேய்த்து, இரண்டு வாளி வெந்நீர் ஊற்றிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் விழுந்தது சனிக்கிழமை. அன்று நான் தரையைக் கழுவவில்லை. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பசி கண்ணை மறைத்தது. ரசமும் சோறும் தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் விழுந்த சத்தம் கேட்டது. இது மூன்று மாதமாக எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. தரை வழுக்கிவிட்டது என்று தரையின்மேல் பழியைப் போட்டுவிட்டு, அதற்கு மேல் நன்றாக டைல்ஸ் போட்டு மூடிவிடலாம் என்றுதான் அவ்வளவு வேகமாக வேலை பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து நான் தலையில் எண்ணெய் வைக்கவே இல்லை. அவள் கேட்டதற்கு, சளி என்று சொல்லியிருந்தேன்.

மத்தியானம் அந்த டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏ புள்ள. நீ விழுந்த அன்னைக்கு சனிக்கிழம.”

“ஆமா.”

“நான் எண்ணெ தேச்சுக் குளிச்சேன்.”

“குளிச்சுட்டு ரசஞ்சோறு தின்னுட்டுப் படுத்தீங்க.”

“தரையக் கழுவாம வந்துட்டேன்.”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தாள்.

“தெரியும்” என்றாள். “விழுந்ததும் கைய ஊனி எந்திரிக்கப் பாத்தேன். கையெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. நல்லெண்ணெ வாடை. அப்பவே தெரியும்.”

“அப்பறம் ஏன் மூணு மாசமா ஒரு வார்த்த சொல்லல?”

“சொன்னா இடுப்பு கூடிருமா? நீங்க எண்ணெக் குளிய விட்டுருவீங்க. சூட்டு ஒடம்பு. எண்ணெ வைக்கலேன்னா ஒரு மாசத்துல கண்ணு செவந்து எல்லாரு மேலயும் எரிஞ்சு விழுவீங்க.” என் காய்ந்த தலையைப் பார்த்தாள். “நாஞ் சொல்லாமயே குளிய விட்டுட்டீங்க. எரிஞ்சும் விழுறீங்க. நான் சொல்லாம இருந்ததுதான் தெண்டம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிட்டேன் என்றேன். நாற்பது வருடத்தில் அவளிடம் இந்த வார்த்தையை நான் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. “சரி, எந்திரிங்க. வாக்கரக் கொண்டாங்க. அப்பிடி எம்புட்டு எண்ணெதான் குடிச்சுருக்குன்னு பாப்போம்” என்றாள்.

குளியலறை வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டேன். வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். கொத்தனார் ஒரு வழி சொல்லியிருந்தார். காய்ந்த தரையில் தண்ணீரைத் தெளித்துப் பார். சொட்டு ஊறித் தரை கறுத்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய். நான் தெளித்தேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல ஈரமாகத்தான் தெரிந்தது. கைக்கும் காதுக்கும் பிடிபடுவதுதான் எனக்கு வரும். அவளோ போடியில் ஏலக்காய்க் குடோனில் இருபது வருடம் காய் தரம் பிரித்தவள். குவியலில் ஒரே ஒரு காய் வெளிறியிருந்தாலும் அவள் விரல் நேராக அங்கே போய் நிற்கும்.

“அந்தா, ஒங்க வலது கால் பெருவெரலுகிட்ட. நிக்குது பாருங்க. அதுக்குப் பக்கத்துல ஊறிருச்சு, அத விடுங்க. இங்கிட்டு ஒண்ணு. இது ரெண்டாந்தரம், ஒருக்கா கழுவுனாப் போயிரும்.”

அவள் ஒரு குச்சியால் சுட்டிக்காட்டிய இடத்தை எல்லாம் நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். தரை முழுவதும் வட்டமாகிப் போனது. அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

குடோன் தரையில் எண்ணெய் கொட்டினால் மரத்தூளைப் பரப்பி வைப்பார்களாம். அதையும் அவள்தான் சொன்னாள். மரக்கடையிலிருந்து ஒரு சாக்குத் தூள் வாங்கிவந்து ராத்திரி முழுக்கப் பரப்பிவைத்தேன். காலையில் கூட்டி அள்ளிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவித் துடைப்பேன். காற்றாடியை வாசலில் வைத்து ஓடவிடுவேன். ஹீட்டரை ஜீப்பிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். மேற்பரப்பு உலர்ந்ததும் அவள் வந்து நாற்காலியில் உட்காருவாள். நான் தெளிப்பேன், அவள் தரம் பிரிப்பாள், நான் வட்டம் போடுவேன். வட்டங்கள் நாளுக்கு நாள் சிறுத்தன. இடையில் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக வாசலை நெருங்கியது. ஆறாம் நாள் ஒரு சொட்டை உற்றுப் பார்க்கக் குனிந்தவள், வாக்கரின் முன்கால் இரண்டையும் குளியலறைக்குள் ஊன்றியிருந்தாள். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு வட்டம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். பலகை கிடந்த இடம். எத்தனை தடவை சோடா போட்டாலும் தண்ணீர் அதன்மேல் முத்தாகவே நின்றது.

“இது கழிவு. பிரிச்சு எடுத்துற வேண்டியதுதான்” என்றாள்.

கொத்தனார் வந்து அதைக் கொத்தி எடுத்தார். சில்லுகளைச் சட்டியில் அள்ளும்போது ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். புதிதாகப் பூசி, சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பியும் பதித்துக் கொடுத்தார். குளிக்கிற பக்கத்துக்கு ஒரு சின்ன வரப்பும் கட்டினார். நான் அவரிடம் போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். “காப்பி குடிக்கிறேன் மாமா” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அது காய இரண்டு வாரம் விட்டோம். மழையும் விட்டது. இந்தத் தடவை என் உள்ளங்கையை நான் நம்பவில்லை. ஏலக்காய் மூட்டைக்குள் போடும் பாலிதீன் பையைக் கிழித்துத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவைத்தேன். மறுநாள் உரித்துப் பார்த்தால் உள்பக்கம் வேர்த்திருந்தது. இன்னும் நாலு நாள். மறுபடி ஒட்டி மறுபடி உரித்தேன். வேர்வை இல்லை. தரையைத் துடைத்துத் தூசி போக்கி, பசை பிடிக்க வேண்டி கொத்தனார் வாங்கிக் கொடுத்த பால் மாதிரியான பிரைமரைப் பூசி, அதையும் காயவிட்டேன்.

மீதி டைல்ஸோடு மகள் புதிதாக அனுப்பியதையும் வைத்து நடுவிலிருந்து ஒட்ட ஆரம்பித்தேன். சுவரிலிருந்து ஆரம்பித்தால் கோணிவிடும் என்று நாற்காலியிலிருந்து உத்தரவு. அமுக்குவதற்குச் சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்தேன்.

“அந்தக் கட்ட இனி அடுப்படிக்கு வரக்கூடாது” என்றாள்.

“சரி.”

“எண்ணெக் குளி இனிக் கொல்லையில. தொட்டிகிட்டக் கல்லு போட்டு உக்காருங்க.”

“சரி.”

“எல்லாத்துக்கும் சரி சொல்றீங்க. ஒடம்புக்கு என்ன செய்யுது?”

இரண்டு நாள் யாரும் மிதிக்காமல் விட்டோம். மூன்றாம் நாள் காலையில் நான் முதலில் போய் ஒவ்வொரு டைல்ஸின் ஓரத்தையும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. குதித்தும் பார்த்தேன். வெளியே வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். ராணி, நடை என்றெல்லாம் அளக்கவில்லை.

அவள் வந்தாள். வாசலில் நின்றாள். வாக்கரை உள்ளே வைத்தாள். இடது காலை வைத்தாள். பாதத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். வழுக்கவில்லை. சுவரில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலையும் எடுத்து வைத்தாள். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன்.

“நீங்க எங்க வர்றீங்க? கதவச் சாத்துங்க” என்றாள்.

சாத்தினேன். வெளியே நின்று காதைக் கதவில் வைத்துக்கொண்டேன். காய் குலுங்கும் சத்தத்துக்குக்கூட அவ்வளவு கவனமாகக் காது கொடுத்ததில்லை. வாக்கர் தட்டும் சத்தம், நாலு தடவை. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடி வாக்கர், நாலு தடவை.

கதவைத் திறந்து வெளியே வந்தவள், நான் கதவோடு ஒட்டி நிற்பதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. கிண்ணம் வைத்த நாற்காலியைக் காலால் தள்ளி, “இத எடுத்துக் கொல்லையில போடுங்க” என்றாள். பிறகு, “தண்ணி கொண்டாங்க” என்றாள்.

அடுப்படிக்குப் போய், இத்தனை மாதப் பழக்கத்தில், டம்ளரில் பாதி ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினேன். டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“செம்புல கொண்டாங்க” என்றாள். “நெறைய.”